மேலிருந்தா, கீழிருந்தா

பந்தர்பன் கோர்ட்டில் எனக்கு நாற்காலி கிடையாது.
சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி நிற்பேன்,
காது பாவ்ம் மொழிக்கு, வாய் வங்காளிக்கு.
கூலி முந்நூறு டாக்கா, தேநீர் தனி.
மற்ற நாட்களில் இஞ்சி வியாபாரம்.

அன்றைய வழக்கு ஒரு கயால் மாடு.
மஞ்சள் தோட்டத்தில் ராத்திரி புகுந்து
பாதியை மிதித்து, பாதியைத் தின்று
யாருடையது என்று சொல்லாமல் போய்விட்டது.

மலை உச்சியில் சாங்கும் வீட்டில் ஒரு கயால்.
கீழே, ஓடைக்கரையில், ரோவ்லியான் வீட்டில் ஒன்று.
இரண்டுக்கும் நாலு காலிலும் வெள்ளை,
காலுறை மாட்டிய மாதிரி.
நிலா இல்லாத இரவு வேறு.

தோட்டக்காரி ஙுன்சிங் ஒரே மூச்சில் சொன்னாள்:
இறங்கிவந்தது.

எங்கள் மொழியில் வெறுமனே வர முடியாது.
ஏறி வரலாம். இறங்கி வரலாம்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து
குறுக்கே வரலாம்.
வினைக்கு முன்னால் நிற்கும் ஒரு குட்டி அசை
எந்தச் சரிவு என்று கேட்டுவிட்டுத்தான்
உள்ளே விடும்.

நீதிபதியின் மேசையில் வரைபடம் இருந்தது.
தேய்த்து மடித்த வேட்டி மாதிரி அதில் எங்கள் மலை.
"வந்ததா இல்லையா? ஒரே சொல்."

"எஷெச்சே" என்றேன்.
வந்தது.
தட்டச்சுக்காரர் அதையும் அடித்து முடித்து
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாங்கும் எனக்கு எட்டு மூட்டை இஞ்சி
கடனாகக் கொடுத்திருந்தான், உண்மைதான்.
அதை நினைத்தேனா?
மின்விசிறி நின்றுபோயிருந்தது.
எல்லோருக்கும் வியர்த்தது. அவ்வளவுதான்.

எந்த மாடென்று நிரூபணமில்லை.
தள்ளுபடி.

படிக்கட்டில் ஙுன்சிங் என்னை நிறுத்தினாள்.
வங்காளி ஒரு சொல்லும் அறியாதவள்.
"நான் சொன்னது நீளம்,
நீ சொன்னது குட்டை" என்றாள்.
பிறகு, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள்.
கொடுத்தேன். எண்ணிப் பார்த்து
இரண்டு டாக்காவைத் திருப்பித் தந்தாள்.

ரூமா போகிற ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு
நாலாவது வளைவு தாண்டும்போது போன்.
வீட்டில் ஸிர்பார்.
ஏறிவருகிறாயா என்று கேட்டாள்,
எங்கள் மொழியில், ஒரே சொல்லாக.

"ஆஷ்சி" என்றேன்.

வீட்டுக்குள் ஒருநாளும் நாங்கள்
வங்காளி பேசியதில்லை.
மறுமுனையில் அடுப்புச் சத்தம் மட்டும்.
ஜீப் முதல் கியரில் முனகியபடி
ஏறிக்கொண்டுதான் இருந்தது.