கூட்டப்புளியில் ஒரு பலகை

எட்டடிக்கு ஆறடித் தகரம். ஒன்பது விதிகள்.
எழுத்துக்குக் கூலி கிடையாது, சதுர அடிக்குத்தான்.
ராதாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த எனக்கு
அலையைப் பார்த்தாலே குமட்டும்.

ஒன்று: சுருக்குமடி கூடாது.
இரண்டு: கடல் அட்டை உயிரோடும் கூடாது, காய்ந்தும் கூடாது.
'காய்ந்து' எழுதும்போது கச்சான் அடித்து
துணைக்கால் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போயிற்று.

நான்காவதில் இஞ்ஞாசி வந்து நின்றான்,
வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு.
"ஆமை மாட்டினா வலையை அறுத்து விடணும்னு போட்டிருக்கு.
விடுவோம்.
அறுத்த வலை?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.

ஆறாவது, எல்லை.
டிகிரி, மினிட் என்று வரி முழுக்க எண்கள்.
"இது எங்க கிடக்கு?"
எனக்கென்ன தெரியும்.

அவன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று
கரைப் பக்கம் கை நீட்டினான்:
கோயில் சிலுவை மூன்றாம் காற்றாலைக்குள் மறையணும்,
அதுதான் பாருக்குக் கணியம்.
காற்றாலை வருமுன் அங்கே ஒரு மொட்டைப் பனை.
"அதுக்கு அங்கிட்டு மீன் முட்டையிடும். நாங்க போறதில்ல.
போறவன் இதைப் படிக்கப் போறதில்ல."

எண்களுக்குக் கீழே
பொடி எழுத்தில் கணியத்தையும் எழுதினேன்.

சாயங்காலம் அலுவலர் வந்தார்.
விரல் வைத்துப் படித்தார். ஈரம் என்றேன்.
கறுத்த விரலைப் பார்த்தபடி,
"இந்த வரி உத்தரவில் இல்லையே" என்றார்.
அழிக்கச் சொல்லவில்லை.

ஜீப் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி
கரையைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:
மூன்றாவது என்றால்
இடமிருந்தா, வலமிருந்தா?