காயாத வார்னிஷ்

நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றார்
செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்.
டின்னிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.
இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே,
வெயிலில், அது உண்மையாகவே இருக்கலாம்.

நாகலூரில் இது மூன்றாம் நாள் மூடுபனி.
சில்வர் ஓக் மேசை
விரல் வைத்தால் பிடித்துக்கொள்கிறது,
மனசில்லாமல் விடுகிறது.
ஒரு கொசு. ஈசலின் ஒற்றைச் சிறகு.
லூர்துமேரி வீட்டுப் பூனை குறுக்கே நடந்த ஏழு தடம்;
எட்டாவதுக்கு முன் தூக்கிவிட்டேன்,
தேங்காய் எண்ணெய் போட்டுக் காலைத் துடைத்தேன்,
லூர்துமேரிதான் இன்னும் பேசவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு வளையம்.
தை மாதம் ஒரு ராத்திரி
கொதிக்கிற குக்கரைப் பிரிமணை இல்லாமல்
இவர் அறைந்து வைத்தது.
சண்டை எதற்கென்று இருவருக்கும் நினைவில்லை.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் நூற்றிருபது,
தோள்பட்டை இறங்கும்வரை இருநூற்றிருபது.
வெளுத்தது. முழுசாகப் போகவில்லை.

நேற்று இரண்டு மணிக்கு விழிப்பு.
கூடத்து இருட்டில் என் ஹேர் டிரையரின் இரைச்சல்.
கம்பளியைப் போர்த்திக் குனிந்து
வளையம் இருந்த இடத்துக்கு மட்டும்
காற்று காட்டிக்கொண்டிருந்தார்.
பார்க்காததுபோல் வந்து படுத்தேன்.
கொஞ்ச நேரத்தில் ஃபியூஸ் போனது.

காலையில் தொட்டுப் பார்த்தால்
அங்கே மட்டும் காய்ந்து, பளபளப்பு செத்து,
லேசாகக் கொப்பளித்திருக்கிறது.
மறுபடி தேய்க்க வேண்டும்.
இப்போதைக்கு ஒரு தட்டு வைக்கலாம்.
ஒன்றுதான் கொள்ளும்.
நீங்க முதல்ல என்கிறேன்,
நீ முதல்ல என்கிறார்.
இட்லி ஆறுகிறது;
இந்த மலையில் அதற்கு மட்டும்
நாலு மணி நேரம் வேண்டாம்.