முக்கால் கன கெஜம்

மே மாதம் பாதி போயிருந்தது.
டுலூத்தில் புல்லைக் கீறினால்
அடியில் இன்னும் பனிக்காலத்தின் மிச்சம்.
செங்களிமண் மண்வெட்டியைக் கவ்விக்கொண்டு
தரமாட்டேன் என்றது.

ஆறடிக்கு ஆறடி.
நான்கு தேவதாருப் பலகைகள்.
மருந்தேற்றிய மரம் வேண்டாம்,
பிள்ளைகள் எதையும் கடிப்பார்கள் என்று
மரக்கடைப் பெண் சொன்னாள்.
விலையையும் சொன்னாள்.
கொஞ்ச நேரம் பலகையை முகர்ந்தபடி நின்றேன்.

நான் பாலங்களைச் சோதிப்பவன்.
கப்பல் வந்தால் தன்னைத் தூக்கிக்கொள்ளும்
எங்கள் ஊர்ப் பாலத்தில்
எந்த ரிவெட் தளர்ந்திருக்கிறதென்று
சுத்தியலால் தட்டிக் கேட்டே சொல்லிவிடுவேன்.
அதனால்
மூலைக்கு மூலை குறுக்கே அளந்தேன்.
இரண்டு அளவும் ஒன்றானால்தான் சதுரம்.
அரை விரற்கடை உதைத்தது.
பிரித்தேன். மறுபடி பூட்டினேன்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள்
முழங்கால் இரண்டும் ஈரம்.

“இது மேல பஸ் ஏதாவது போகப்போகுதா?”
ஜன்னலிலிருந்து மார்லிஸ்,
பல் துலக்கிக்கொண்டே.

நாலு மூலையிலும் உட்கார முக்கோணப் பலகை.
அடியில் களை துளைக்காத துணி.
பூனை வராதிருக்க மூடி,
மூடிக்குக் கீல், கீலுக்கு எண்ணெய்.
சிராய் குத்தக்கூடாதென்று
உப்புத்தாளால் மூன்று முறை தேய்த்து
நாலாம் முறை
கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை மணல் வந்தது.
கொல்லைக்குள் லாரி நுழையாது என்று
கார் நிற்கும் இடத்திலேயே
முக்கால் கன கெஜத்தை
ஒரே மூச்சில் சரித்துவிட்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார் டெல்பர்ட்.

தள்ளுவண்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்.
சக்கரத்தில் காற்றில்லை.
பம்பைத் தேடினேன். பம்பின் வாயைத் தேடினேன்.
பத்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தால்
மணலுக்கு ஒரு சிகரம் முளைத்திருந்தது.
சிகரத்தில் ஓட்டிஸ், ஒற்றைச் செருப்போடு.
அடிவாரத்தில் ஹெட்டி
என் சூப்புக் கரண்டியால் சுரங்கம் வெட்டுகிறாள்.
எதிர்வீட்டுப் பையன்கள் இருவர்
சுரங்கத்துக்கு அனுமதிச் சீட்டு பற்றிச் சண்டை.
யார் வீட்டுப் பெண்ணென்றே தெரியாத ஒருத்தி,
நீச்சலுடையில், அந்தக் குளிரில்,
எங்கிருந்தோ வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறாள்.

“பின்னால பெட்டி இருக்கு” என்றேன்.
“தெரியும்” என்றாள் ஹெட்டி, தலை தூக்காமல்.
“மூலையில உட்காரலாம்.”
“நீ உட்காருப்பா.”

ஒரே ஒரு வண்டி அள்ளினேன்.
மலையின் வடக்குச் சரிவு இடிந்தது.
ஓட்டிஸ் அழுத அழுகைக்கு
மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன.
அள்ளியதைத் தள்ளிக்கொண்டு வந்து
உச்சியிலேயே திரும்பக் கொட்டினேன்.
கைதட்டினார்கள்.
இருபத்திரண்டு வருட வேலையில்
எந்தப் பாலத்தடியிலும்
எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

ஜூன். ஜூலை.
காரைத் தெருவில் நிறுத்துகிறோம்.
மலை தவணை முறையில்
வீட்டுக்குள் குடி வருகிறது:
காலுறை, தலையணை,
துணி துவைக்கும் இயந்திரத்தின் தொண்டை,
ஒருநாள் மார்லிஸின் ஆம்லெட்.
நறுக்கென்று கடித்தவள்
என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.

கொல்லையில் பெட்டி
மட்டம் பிசகாமல் கிடக்கிறது.
எல்லோரும் தூங்கிய பின்
மூலைப் பலகையில் உட்கார்ந்து
ஒரு பியர் குடிப்பேன்.
ஏரியில் கப்பல் ஊதும்.
பாலம் பதிலுக்கு ஊதும்.
எதிர் மூலையில் பக்கத்து வீட்டுப் பூனை,
வாலைச் சுருட்டி, வாடகை தருபவள் போல.
மூடியைத் திறந்தேதான் வைக்கிறேன்.

ஆகஸ்டில் மலை
ஹெட்டியின் இடுப்புக்கு இறங்கிவிட்டது.
ஓட்டிஸ் சிகரத்தில் நின்றால்
இப்போது என் கண்ணுக்குக்கூட எட்டுவதில்லை.
டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன்.
இன்னொரு முக்கால் கன கெஜம்.
“பெட்டி ரொம்பப் பெரிசோ?” என்றார்.
“ஆமாம், பெரிசு.”
“இந்தத் தடவை
சின்ன லாரி இருக்கு, கொல்லைக்கே வந்திடும்.”

வேண்டாம் என்றேன்.