அலகு: நாள்

பதினொரு நாடுகள், ஒரே ஒரு கையுறை.
அதை எங்கள் கொம்பனி
முப்பத்து நான்கு பெயர்களில் வாங்குகிறது.
கராச்சியில் அது 'பாதுகாப்பு உடை',
மாப்புட்டோவில் 'இதர',
சிட்டகொங்கில் யாரோ தூக்கக் கலக்கத்தில்
'கை, ரப்பர், இடது' என்று பதிந்திருக்கிறார்.
வலது கை வாங்கியதற்குப் பதிவில்லை.

கோட்டையில், இருபத்தோராம் மாடியில்,
ஏழு மாதமாக இதுதான் என் வேலை:
ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைப்பது.
ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கொள்கலன்களை எடுத்து எடுத்து அடுக்குகின்றன.
உள்ளே என்னவென்று அவற்றுக்குத் தெரியத் தேவையில்லை.
எனக்குத் தேவை.

திரையில் ஹென்ரிக், அவருக்குக் காலை, எனக்குப் பசி,
ஒரு வரியைச் சிவப்பால் சுற்றினார்.
கொழும்பு. நைலோன் கயிறு, பன்னிரண்டு மில்லிமீற்றர்.
சந்தை விலையைவிடப் பதினான்கு வீதம் கூட.
வழங்குநரை மாற்றுங்கள்,
அல்லது ஏன் என்று கேளுங்கள்.

கேட்பதென்றால் புறக்கோட்டைக்குப் போக வேண்டும்.
பழைய சோனகத் தெருவில் நாட்டாமிகளின் தள்ளுவண்டிகள்
வழிவிடுவதில்லை, நாம்தான் விட வேண்டும்.
ஸவாஹிரின் கடையில் கயிறு கூரைவரை சுருண்டு கிடந்தது.
பிளேன்ரீ வந்தது. கணக்குக் கொப்பி வந்தது.
எங்கள் பக்கத்தில், பென்சிலால், இரண்டு விலை:

கைக்காசு, நானூற்றுப் பத்து.
கொம்பனி, நானூற்று அறுபத்தெட்டு.

அவர் ஒளிக்கவில்லை.
கொப்பியைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.
"மிஸ், நீங்க தொண்ணூறு நாளெண்டு எழுதுவீங்க,
நூத்தி நாப்பதுல தருவீங்க.
இறக்குமதிக்காரன் எனக்குத் தாறது முப்பது.
நடுவுல உள்ள நாளுக்கெல்லாம்
பாங்க் என்னட்டத்தானே வட்டி எடுக்குது."

ஓட்டோவில் திரும்பும்போது
அந்த ஐம்பத்தெட்டு ரூபா மடியில் கனத்தது.
ஓல்கொட் மாவத்தை நெரிசலில் கணக்குப் போட்டேன்:
கயிறு, மட்டைப்பெட்டி, கிறீஸ், துடைக்கும் பஞ்சு,
எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு கொப்பியில்
ஒரு பென்சில் விலை இருக்கும்.
எத்தனையோ வருடமாக நாங்கள்
எங்கள் சொந்தத் தாமதத்தையே
காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.
அதற்கு மட்டும் தட்டுப்பாடு வந்ததில்லை.

அன்றிரவு எல்லாரும் போனபின்
பொருட்பட்டியலில் ஒரு புதிய இலக்கம் திறந்தேன்.
பெயர்: தாமதம்.
அலகு: நாள்.
வகை என்ற கட்டத்தில் வெகுநேரம் நின்றேன்.
கடைசியில் 'இதர.'
மாப்புட்டோக்காரர் அப்போதுதான் எனக்குப் புரிந்தார்.

கூட்டத்தில் அந்த வரி மேலே வந்து நின்றது,
கயிற்றுக்கு மேலே, மட்டைக்கு மேலே,
டீசலுக்கும் மேலே.
யாரோ மைக்கை மூடாமல் எதையோ மென்றார்கள்.
"இதை வழங்குவது யார்?" என்றார் ஹென்ரிக்.
நிதிப்பிரிவு ரேணுகாந்தி தொண்டையைச் செருமினாள்.
நான் வாய் திறக்கவில்லை.
அந்தக் கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல்:
சிறு வழங்குநர்களுக்குப் பதினைந்து நாளில் கொடுப்பனவு.
பரீட்சார்த்தமாக. ஆறு மாதம். கொழும்பில் மட்டும்.
கராச்சி, சிட்டகொங் பின்னர் பரிசீலிக்கப்படும்.
கை, ரப்பர், இடது,
என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் காசோலை பதின்மூன்றாம் நாள் போனது.
ஸவாஹிர் கோல் எடுத்தார்:
"பிழையா அனுப்பிட்டீங்களோ?"
இல்லை என்றேன்.
நன்றி சொல்லவில்லை. எதற்கு, அவருடைய காசு.

இந்த மாத விலையை இன்று காலை கேட்டேன்.
கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்,
ஓரத்தில் தேத்தண்ணிக் கறை,
பழையபடி பென்சில், பழையபடி இரண்டு.
கைக்காசு, நானூற்றுப் பத்து.
கொம்பனி, நானூற்று நாற்பத்தெட்டு.

இருபது ரூபா நம்பியிருக்கிறார்.