தெரியுது

ஜஹ்ரா தாண்டி, தார் முடிந்து
மண்ணே ரோடாகிற இடம்.
வெள்ளிக்கிழமை, காலை ஆறரை.
என் வேலை ஒன்றுதான்:
கண்ணை எடுக்கக் கூடாது.

ரிமோட் இருதயராஜ் கையில்.
நாலரை அடி இறக்கை, தெர்மக்கோல் உடம்பு.
இடது இறக்கையின் அடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்,
வலதில், பழைய சேஃப்டி ஜாக்கெட்டிலிருந்து
வெட்டி ஒட்டிய ஆரஞ்சு.
"நிறத்தை நம்பாத. தூரம் போனா எல்லாம் கறுப்புதான்."

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்கள்.
இங்கே எண்ணெய்க்குக் குறைவில்லை,
தூசிதான் முந்திக்கொள்கிறது.

விமானமாகப் போனது
சிலுவையாகி, கோடாகி,
யாரோ பேனாவை வைத்து
எழுத மனமில்லாமல் எடுத்த இடமாயிற்று.

வெறும் வானத்தையே பார்த்தால்
கண் சோம்பிப்போய்
ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துவிடும்,
நடுநடுவே மின்கோபுரத்தைப் பார்த்துத் திரும்பு
என்று சொல்லியிருந்தான்.
திரும்பும்போது புள்ளி அங்கேயே இருக்கும்
என்று சொல்லவில்லை.

"வருதா, போகுதா?"
இவ்வளவு தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான்.
வருகிறதென்றால் இடம் வலம் மாறும்;
தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல
குச்சியை அந்தப் பக்கமே தள்ள வேண்டும்.
போகிறபோது அப்படித் தள்ளினால்
தலைகுப்புற.

கோபுரத்தைப் பார்த்தேன். திரும்பினேன்.
வானம் மட்டும் இருந்தது.

"தெரியுதா?"
"தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கண் பரிசோதனை.
நாற்பதாவது மாடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவன்
கீழே சைகை காட்டுகிறவனின்
விரலைப் படிக்க வேண்டும்.
போன மாதம் இரண்டு தடவை
விரல் தெரியாமல் தோளைப் பார்த்து ஊகித்தேன்.
இரண்டு தடவையும் கம்பிக்கட்டு சரியாகத்தான் இறங்கியது.
ரூமில்கூடச் சொல்லவில்லை.

"போகுது. லேசா இடது"
என்றது என் வாய்.
அவன் லேசாக இடது தள்ளினான்.
"இப்ப?"
"திரும்புது."
மோட்டார் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது.
அது மோட்டாரா,
பதினெட்டு வருஷமாக என் காதுக்குள் ஓடும்
ரூம் ஏசியா?
டைமர் கூவியது: இன்னும் இரண்டே நிமிடம்.

வலப்புறம், உப்புப் பூத்த பள்ளத்துக்கு மேலே,
நான் சொன்ன எதற்கும் சம்பந்தமில்லாத மூலையில்
ஆரஞ்சு ஒரு தரம் மின்னியது.
தாழ்ந்து, நேராக எங்களை நோக்கி.
முட்டுக் கொடுத்தான். இறக்கினான்.
மூக்கு மணலில் உரசி நின்றது.

ப்ரொப்பெல்லரில் ஒட்டிய மணலை ஊதிக்கொண்டே
"நடுவுல எனக்குத் தெரியவே இல்லடா" என்றான்,
"உன் பேச்சை வச்சுத்தான் ஓட்டினேன்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்,
குடிக்காமல் மூடினேன்.

"இன்னொரு பேட்டரி இருக்கு.
இந்தத் தடவ நீ ஓட்டு, நான் பாக்கிறேன்."

குச்சி நினைத்ததைவிட மெலிசு.
மின்கோபுர வரிசையைத் தாண்டியதும் கேட்டேன்,
"தெரியுதா?"

"தெரியுது" என்றான்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.