படித்துறைப் பலகை

நகராட்சி கேட்டது நான்கு வரி:
ஊரின் வரலாறு,
வெளியே சுற்றிப்பார்க்க என்ன உண்டு.

பெயின்ட் டப்பாவோடு
பியாப்போன் படித்துறைக்கு வந்தேன்.
ஓதம் ஏறினால் ஓடை வடக்கே போகும்,
வற்றினால் தெற்கே.
எந்தப் பக்கம் அம்புக்குறி போட?

அரிசி ஆலையில் புகைபோக்கி மட்டும் மிச்சம்.
உச்சியில் நாரைக் கூடு.

நாற்பத்திரண்டில்
நடந்தே கிளம்பிய கணக்கப்பிள்ளை
பெட்டகச் சாவியை
இந்தப் படியில் நின்றுதான் எறிந்தாராம்.
கோ தீஹா வலையைத் தூக்கிக் காட்டுகிறான்:
நண்டு.
பெட்டகம் மா நில்லாரின் டீக்கடையில்,
இன்னும் திறக்காமல்,
முதுகில் பிஸ்கட் பாட்டில்களோடு.

ஓதம் என் முழங்காலைத் தொட்டபோது
வட்ட வட்டமான பர்மிய எழுத்தில்
ஒரே ஒரு வரி எழுதினேன்:
'படி வழுக்கும்.'