ஒரே பூச்சு

அலமாரியில் மூன்று டப்பாக்கள்.
ஒன்று அழுக்கை எடுக்கும், மினுக்காது.
ஒன்று மினுக்கும், அழுக்கையும் சேர்த்து மூடிவிடும்.
மூன்றாவது, இரண்டையும் ஒரே கையோட்டத்தில்
முடித்துத் தருகிறேன் என்கிறது.
இரண்டு வேலைக்கு ஒரே சம்பளம் போதும் என்று
வந்து நிற்பவர்களை எனக்குத் தெரியும்.
மார்ச்சிலிருந்து நானும் அப்படித்தான்.

அந்தோஃபகாஸ்தாவில் மழை கிடையாது.
வண்டி கழுவ வானத்தை நம்ப முடியாது.
விடியலில் கடல்மூட்டம் வந்து
உப்பைத் தடவிவிட்டுப் போகும்.
பாலைவனம் அதன்மேல் தூசியைத் தூவும்.
பிறகு வெயில், நிதானமாக,
எல்லாவற்றையும் சேர்த்துச் சுடும்.

முப்பது வருஷத்துப் பிக்கப்.
ஒரு காலத்தில் மிளகாய்ப்பழச் சிவப்பாம்.
இப்போது, ஈறு கசிந்த காலையில்
துப்பிய பற்பசை நுரை.

"நகத்தை ஓட்டிப் பார்த்தாயா?" என்றார்
கடைக்காரர் பால்தொமேரோ.
கீறலின் குறுக்கே நகம் வழுக்கினால் மெழுகு போதும்.
தடுக்கினால் எந்த டப்பாவும் உதவாது.
வெளியே போய் எட்டு இடத்தில் ஓட்டினேன்.
ஐந்தில் வழுக்கியது. மூன்றில் தடுக்கியது.
ஐந்துக்காக மூன்றாவது டப்பாவை எடுத்தேன்.

"அதிலும் கரகரப்புக் குறைந்ததை எடு.
இந்தக் காலத்து வண்டி இல்லை இது,
நிறத்துக்கு மேல் காப்பு எதுவும் இல்லை.
நிறமேதான் தோல்.
தேய்க்கத் தேய்க்க அதுதான் கரையும்."
சொல்லிவிட்டு, விலை அதிகமானதை உள்ளே வைத்தார்.
வியாபாரம் தெரியாத மனிதர்.

ஐஸ் கிடங்கின் சுவர்நிழல், காலை ஏழு மணி.
சூடேறிய தகட்டில் மெழுகு கல்லாகிவிடும்,
அதனால் வெயிலோடு பந்தயம்.
பானெட்டில் ஒரு முழச் சதுரம்.
சின்ன வட்டம், சின்ன வட்டம்,
வெள்ளையாய்க் காயும்வரை காத்திருப்பு, துடைப்பு.

துணி சிவந்தது.
சட்டென்று கையை எடுத்தேன்.
அடிபட்ட ஆளைத் துடைத்தது போலிருந்தது.
செத்த பெயிண்ட் வரும், பயப்படாதே என்று
சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.
செத்ததற்கு இவ்வளவு நிறமா?

ஒன்பது மணிக்குள் பானெட்டில் ஒரு கடற்காகம்
தலைகீழாகப் பறந்தது.
நான் சிரித்தேன். யாரும் இல்லை.

பிறகு கதவு.

*ஸ்லாத்தார் – ரிவாஸ்*
*ஐஸ்*

ஸ்டிக்கரை ஏப்ரலில் நானே உரித்தேன்,
முடி உலர்த்தும் மெஷினால் சூடுபடுத்தி, ஓரம் ஓரமாக.
எலியாசர் ரிவாஸ் சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.
பாதிக் கடனை அடைத்துவிட்டுத்தான் போனான்,
குறை சொல்ல வழியில்லை.
ஆனால் எழுத்துக்கு அடியில்
பதினொரு வருஷம் வெயில் நுழையவில்லை.
அங்கே மட்டும் மிளகாய்ப்பழம்.

தேய்த்தால் சமமாகும் என்று நினைத்தேன்.
சுற்றி இருந்த ரோஸ் சிவந்தது,
எழுத்தின் சிவப்பு இன்னும் சிவந்தது.
இரண்டும் நெருங்கி வந்தன.
ஒன்றாகவில்லை.
நகத்தை ஓட்டினேன்.
வழுக்கிக்கொண்டு போனது,
அங்கே எதுவுமே இல்லாதது போல.

இரண்டாம் சுற்று.
'ஸ்லாத்தார்' மங்கியது, முதலில் என் பெயர்.
கதவின் விளிம்பில், கைப்பிடிக்குக் கீழே,
சாம்பலாய் ஏதோ எட்டிப் பார்த்தது.
பிரைமர்.
இன்னொரு சுற்றுப் போனால் ரிவாஸ் போய்விடுவான்.
அவன் இடத்தில் சாம்பல் வந்து உட்காரும்.

துணியை உதறினேன்.
டப்பாவில் பாதி மிச்சம்.
மூடியை இறுக்கி இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

பத்தரைக்கு மீன்துறை.
படகிலிருந்து இறங்கிய கிழவன் சாமோர்ரோ
பானெட்டைப் பார்த்து விசிலடித்தான்.
"புது பெயிண்டா, யஸ்னா?"
பக்கவாட்டில் வந்தான்.
வெயிலுக்குக் கையை மறைத்து,
தலையைச் சாய்த்து,
கதவை எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"ரிவாஸ் எப்படி இருக்கான்?"

நான் தராசை இறக்கிக்கொண்டிருந்தேன்.
"எத்தனை கிலோ?" என்றேன்.